நான் பயப்படுகிற நாளில்

சகோதரி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் வாசித்தாலும் புரியும். உங்கள் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஏழு மாதமாக வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் நடக்கிறது. அவருடைய வேலை போய்விட்டது, நகை அடகில் இருக்கிறது, மகள் பத்தாம் வகுப்பு. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் நெஞ்சு படபடக்கிறது, ஜெபிக்க வாய் வரமாட்டேன் என்கிறது. இதைச் சபையில் ஒரு பெரியவரிடம் சொன்னதற்கு, "விசுவாசம் இருக்கிற இடத்தில் பயம் எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து கணவரின் நோயைப் பற்றிய பயத்தோடு, என் விசுவாசமே செத்துப்போய்விட்டதோ என்கிற பயமும் சேர்ந்துகொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

விசுவாசம் செத்துப்போனவர் இப்படி உட்கார்ந்து எழுதிக் கேட்கமாட்டார், முதலில் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் போதகர் இல்லை. முப்பது வருடமாக எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளியிலும் வேதபாடக் கூட்டத்திலும் பாடம் எடுக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தை எந்த வசனத்திலிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்" என்று இரண்டாம் தீமோத்தேயு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. இதை எடுத்துப் பயந்தவன் தலையில் அடிப்பது நம் சபைகளில் ரொம்ப நாளாக நடக்கிறது. கிரேக்கத்தில் அங்கே இருக்கிற சொல் 'தெய்லியா', கோழைத்தனம் என்று அர்த்தம், அதாவது செய்யவேண்டியதைச் செய்யாமல் பின்வாங்கி ஓடுவது. நெஞ்சு படபடப்பதற்கு அந்தப் பெயர் கிடையாது. பவுல் இதைச் சிறையில் இருந்துகொண்டு எழுதுகிறார், மூன்று வசனத்துக்கு முன்னால்தான் தீமோத்தேயுவின் கண்ணீரை நினைத்துக்கொள்கிறேன் என்கிறார். அழுதுகொண்டிருந்த ஒரு பையனுக்குத் தட்டிக்கொடுத்து எழுதிய வரி அது. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, நான் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன் என்று தன்னைப் பற்றியே சொல்கிறார். பெரியவரின் கணக்குப்படி பார்த்தால் பவுலுக்கும் விசுவாசம் இல்லை என்றாகிவிடும்.

பவுலையும் விடுங்கள். மாற்கு 14-ஆம் அதிகாரம், கெத்செமனே. நம் ஆண்டவர் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று எழுதியிருக்கிறது. திகில் என்கிற சொல்லை நம் பழைய மொழிபெயர்ப்பு மழுப்பவே இல்லை, அப்படியே வைத்திருக்கிறது. அதுவும் ராத்திரி நேரம். கூட இருந்தவர்களை விழித்திருங்கள் என்று கேட்டார், அவர்கள் தூங்கிவிட்டார்கள். நீங்கள் மூன்று மணிக்கு எழுந்து, பக்கத்தில் தூங்குகிற கணவரையும் மகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இந்த இடத்தை ஒரு தடவை நினைத்துப்பாருங்கள். அந்த நேரமும் அந்தத் தனிமையும் அவர் அறியாததா?

பயத்துக்கும் விசுவாசத்துக்கும் இடையில் என்ன உறவு என்பதை 56-ஆம் சங்கீதம் ஒரே வரியில் சொல்கிறது: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போன பிறகு நம்புவேன் என்று இல்லை. பயப்படுகிற நாள், நம்புகிற நாள் இரண்டும் ஒரே நாள். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு வரிதான், மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

இன்னொன்று, வேதாகமத்தில் 'பயப்படாதே' என்று 365 தடவை இருக்கிறது, நாளைக்கு ஒன்று என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். எண்ணிப்பார்த்தால் அவ்வளவு வராது. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தப்பான கணக்கில் விசுவாசத்தைக் கட்ட வேண்டாம். எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று அந்த இடங்களில் இருக்கிறது. ஆகார், யோசுவா, மரியாள், மேய்ப்பர்கள், கப்பலில் புயலில் மாட்டிய பவுல் என்று யாருக்கு அது சொல்லப்பட்டதோ, அவர்கள் எல்லாரும் பயந்துபோய் இருந்தவர்கள் அல்லது பயப்படக் காரணம் இருந்தவர்கள். அவர்களை யாரும் திட்டவில்லை. பிள்ளை இருட்டில் அலறும்போது அம்மா ஓடிவந்து "பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்று சொல்வாளே, அந்தக் குரல். கட்டளை மாதிரி அதை வாசிப்பதுதான் நம் தப்பு.

அடுத்து, உங்களிடம் இதையும் யாராவது சொல்லியிருப்பார்கள்: "நம்மால் தாங்கமுடியாத பாரத்தை ஆண்டவர் தரமாட்டார்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது 1 கொரிந்தியர் 10:13-லிருந்து எடுத்தது, அங்கே பேச்சு விக்கிரக ஆராதனையையும் பாவத்தில் விழுவதையும் பற்றியது. தமிழில் 'சோதனை' என்ற ஒரே சொல் பாவத்துக்கு இழுக்கிற இழுப்புக்கும் வாழ்க்கையில் வருகிற கஷ்டத்துக்கும் பொதுவாக இருப்பதால் நமக்கு இரண்டும் கலந்துவிடுகிறது. கஷ்டத்தைப் பற்றி பவுல் பேசும் இடம் 2 கொரிந்தியர் முதல் அதிகாரம். அங்கே பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போகும் அளவுக்கு, "எங்கள் பலத்திற்கு மிஞ்சின" வருத்தம் வந்தது என்கிறார். பலத்துக்கு மிஞ்சினதுதான் வந்தது. ஆகவே "என்னால் தாங்கமுடியவில்லை" என்று நீங்கள் சொன்னால் அது விசுவாசக்குறைவு இல்லை, உண்மை நிலவரம். தாங்கமுடியாததைத் தாங்குகிற மாதிரி காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

சரி, இப்போது நம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அவரைக் கத்தோலிக்கர்கள் புனிதராகக் கொண்டாடுகிறார்கள், அது எனக்கு ஒரு தடையாகப் படவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் அதிகாரியாக இருந்தவர். 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பரானார். அந்த நேரத்தில் நீலகண்ட பிள்ளைக்குக் குடும்பத்தில் அடிமேல் அடி, மாடுகள் சாகின்றன, சொத்து நஷ்டமாகிறது. முகம் வாடிப்போய் இருந்தவரிடம் டிலனாய், பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் வேதாகமக் கதையைச் சொன்னார். அதுதான் தொடக்கம். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். லாசரு என்ற பெயரின் தமிழ் அது, தேவன் உதவி செய்தார் என்று பொருள்.

இதை நான் எத்தனையோ தடவை பாடமாக எடுத்திருக்கிறேன், ஒரு விஷயம் ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. யோபுவின் கதை முடிவில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. அந்தக் கதையைக் கேட்டு விசுவாசத்துக்கு வந்த தேவசகாயத்துக்கு அந்த முடிவு வரவில்லை. 1749-ல் கைது, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக ஊர்வலம், அடி, சங்கிலி, கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தார்கள். 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுக்கும்வரை 270 வருடம். அப்படியானால் அவர் யோபுவிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டார்? இரட்டிப்பு ஆசீர்வாதத்தை இல்லை. நடுவில் இருக்கிற அத்தனை அதிகாரங்களில் யோபு செய்கிறாரே, பிறந்த நாளைச் சபிக்கிறார், ஏன் ஏன் என்று கேட்கிறார், சண்டை போடுகிறார், ஆனால் எல்லாவற்றையும் தேவனைப் பார்த்தே பேசுகிறார், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கடைசியில் தேவன் கோபப்பட்டது யோபுவிடம் இல்லை, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று பதில் வைத்திருந்த நண்பர்களிடம். அந்த நண்பர்கள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், வந்த முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்ததுதான்.

உங்களுக்காக இன்னொருவரையும் சொல்லவேண்டும். தேவசகாயத்தின் மனைவி பார்கவியும் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், ஞானப்பூ என்று பெயர். கணவர் சங்கிலியில் இருந்த அந்த மூன்று வருடமும் அவரும் வாழ்ந்தார், விடிந்து எழுந்து அடுத்த சேதி என்ன வருமோ என்று காத்திருந்தார். அவரைப் பற்றி நாம் பிரசங்கம் செய்வதில்லை. நோயாளிக்காக ஜெபிக்கிறவர்கள், நோயாளியின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறவளை மறந்துவிடுகிற மாதிரிதான். உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு முதலில் ஞானப்பூதான் நினைவுக்கு வந்தார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வசதியாக இருந்துகொண்டு உபதேசம் செய்கிறான் என்று தோன்றும். என் தம்பிக்குக் கல்லீரல் கெட்டுப்போய்ப் பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தான். வீட்டில் உபவாச ஜெபம், சபையில் சங்கிலி ஜெபம், வருஷப்பிறப்பு ஆராதனையில் அவனுக்கு வந்த வாக்குத்தத்த அட்டையை அம்மா தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். முப்பத்தெட்டு வயதில் போய்விட்டான். அதற்கப்புறம் ஏறக்குறைய எட்டு மாதம் நான் ஆராதனையில் பாடவில்லை. போவேன், உட்காருவேன், எழுந்து நிற்பேன், பாட்டு வராது. பாமாலைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றவர்கள் பாடுவதைக் கேட்பேன். அந்த எட்டு மாதம் என் விசுவாசத்தை நான் காத்துக்கொண்டேன் என்று என்னால் சொல்லமுடியாது. பக்கத்தில் நின்று பாடினவர்கள் எனக்கும் சேர்த்துப் பாடினார்கள், அந்தக் கணக்கில்தான் நான் உள்ளே இருந்தேன். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், ஜெபிக்க வாய் வராவிட்டால் மற்றவர்களின் வார்த்தையைக் கடன் வாங்குங்கள். அதற்காகத்தான் சங்கீதங்கள் இருக்கின்றன. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது, ஆறே வசனம், மெல்லிய குரலில் வாசித்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, ஒரு நல்ல வார்த்தைகூட கடைசியில் கிடையாது. அதை யாரும் வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லை, பாடகர் தலைவனிடம் கொடுத்துப் பாடவே வைத்தார்கள். அதையும் வாசிக்கப் பெலன் இல்லையா, மாற்கு 9-ல் பிள்ளையின் நோயோடு வந்த அந்தத் தகப்பனின் ஒரே வரி போதும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி விசுவாசமும் பாதி அவிசுவாசமுமாக வந்தான். உன் விசுவாசத்தை முழுசாக்கிக்கொண்டு வா என்று ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார்.

எலியாவிடம் நடந்ததையும் பாருங்கள், 1 இராஜாக்கள் 19. கர்மேலில் அவ்வளவு பெரிய காரியம் செய்த மனுஷன், யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்கிறார். தேவதூதன் வந்து என்ன சொன்னான்? எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார், தூங்கவிட்டான், இரண்டாம் தடவை எழுப்பி மறுபடி சாப்பாடு. மெல்லிய சத்தமும் பேச்சும் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான். நீங்கள் எழுதியதில் உங்கள் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டயாலிசிஸ் நாட்களில் நீங்கள் மதியம் என்ன சாப்பிடுகிறீர்கள்? ஒரு டீயோடு ஓட்டிவிடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். உங்கள் சாப்பாடும் தூக்கமும்கூட ஆவிக்குரிய காரியம்தான், எலியாவுக்கே அப்படித்தான் இருந்தது. இந்தப் படபடப்பு வாரக்கணக்கில் தூங்கவிடாமல் செய்தால் அதே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், இரவிலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

மருத்துவத்தைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஜெபித்தாயிற்று, விசுவாசத்தோடு டயாலிசிஸை நிறுத்திவிடு என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் கேட்காதீர்கள். நிறுத்தினால் உயிர் போய்விடும். எசேக்கியா ராஜா சாகக்கிடந்து அழுது ஜெபித்தபோது பதினைந்து வருடம் கூட்டித் தருகிறேன் என்று தேவனே வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே அடுத்த மூச்சில், அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள் என்றார், கொண்டுவந்து கட்டியின்மேல் வைத்துக் கட்டினார்கள், பிழைத்தார். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில், ஒரே வாயிலிருந்து. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் வருகிறது, உங்களிடம் அந்த அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் குடும்ப அட்டையையும் வருமானச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிற காப்பீட்டுத் திட்ட மையத்தில் போய்க் கேளுங்கள். இருந்தும் கையிலிருந்து பணம் கட்டுகிறீர்கள் என்றால், அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கு மாறமுடியுமா என்று டாக்டரிடமே கேட்கலாம். அந்த வரிசையில் நிற்பதும் ஜெபத்தின் ஒரு பாகம்.

இனி கஷ்டமான கேள்வி. "இவ்வளவு ஜெபித்தும் அவர் குணமாகாவிட்டால்?" என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் வரிக்கு வரி அது தெரிகிறது. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசியுங்கள். இரண்டாம் வசனத்தில் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்கிறான். பத்து வசனம் போவதற்குள் பேதுரு சிறையிலிருந்து விடுதலையாகிறார். ஒரே சபை, ஒரே ராஜா, ஒரே ஆண்டவர். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. பேதுருவுக்காக ஜெபித்தவர்களின் விசுவாசத்தையும் பாருங்கள், பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார், ரோதை என்ற வேலைக்காரப் பெண் ஓடிவந்து சொல்கிறாள், உனக்குப் பைத்தியமா என்கிற மாதிரி பதில் சொல்கிறார்கள். தாங்கள் கேட்டதே வாசலில் நிற்கிறது, நம்பவில்லை. விசுவாசத்தின் அளவைப் பார்த்துப் பதில் கொடுக்கிறவராக இருந்திருந்தால் பேதுரு உள்ளேயேதான் கிடந்திருப்பார். ஏன் ஒருவருக்கு அப்படி, இன்னொருவருக்கு இப்படி என்பதற்கு வேதம் அந்த இடத்தில் விளக்கம் தரவில்லை, என் தம்பி விஷயத்தில் எனக்கும் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதுமில்லை.

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் இருந்தார்களே, ஆயிரக்கணக்கான ஜெபங்களை ஏறெடுத்த அந்த அம்மா 1931-ல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் அறைக்குள்ளும் படுக்கையிலுமே இருந்தார்கள். அந்தப் படுக்கையிலிருந்து புத்தகங்கள் எழுதினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், எழுந்து நடமாடும் வரம் மட்டும் வரவில்லை. பாபிலோனில் அந்த மூன்று வாலிபர்கள் எரிகிற சூளைக்கு முன்னால் நின்று, எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்றார்கள், அடுத்த வரியிலேயே "விடுவிக்காமற்போனாலும்" என்றார்கள். இந்த இரண்டு வரியையும் சேர்த்தே ஜெபியுங்கள். கணவர் குணமாகவேண்டும் என்று தைரியமாகக் கேளுங்கள், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கவேண்டும் என்று பேர் சொல்லிக் கேளுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். அப்புறம் அந்த இரண்டாவது வரியையும் நடுங்கிக்கொண்டாவது சொல்லுங்கள். நடுக்கத்தோடு சொன்னாலும் அது ஜெபம்தான்.

இன்னும் ஒன்று. 2 கொரிந்தியர் 7-ல் பவுல், "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன" என்று எழுதிவிட்டு, தேவன் தங்களுக்கு எப்படி ஆறுதல் செய்தார் என்று சொல்கிறார். தரிசனம் வந்தது என்றோ வசனம் வந்தது என்றோ சொல்லவில்லை. தீத்து வந்ததினாலே என்கிறார். ஒரு ஆள் வந்தான், அதுதான் தேவனின் ஆறுதல். அந்தப் பெரியவரிடம் மறுபடி போய் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள், அவர்மேல் கசப்பும் வைக்கவேண்டாம், அவருக்கும் ஏதோ பயம் இருக்கும். உங்கள் தீத்து யார் என்று பாருங்கள். பெண்கள் ஐக்கியத்தில் ஒருவராவது இருப்பார், பேசாமல் கூட உட்காரத் தெரிந்தவர். அவரிடம், "அக்கா, வியாழக்கிழமை என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து உட்காருவீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்பதைவிட இதைக் கேட்பது கடினம், தெரியும். ஆனாலும் கேளுங்கள்.

மகளிடமும் எதையும் மறைக்காதீர்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் நடப்பது தெரியாமல் இருக்காது. "அம்மாவுக்கும் பயமாகத்தான் இருக்கிறது, வா, சேர்ந்து ஒரு சங்கீதம் வாசிப்போம்" என்று சொன்னால் போதும்.

உங்கள் கணவருக்கு எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு டயாலிசிஸ் என்று எனக்கு எழுதுங்கள். அந்த நேரத்தில் நானும் என் மனைவியும் 13-ஆம் சங்கீதத்தை உங்களுக்காக வாசிக்கிறோம். நீங்கள் அந்த நாற்காலியில் தூங்கிவிட்டாலும் பரவாயில்லை.